குழியில்லாத தரை

அறிவானந்தபுரத்து ஆட்களிடம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம், "உங்க கோயில் தரையை யாரு போட்டது?" என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. கேட்டவர் அன்றைக்கு ஊர் போய்ச் சேர முடியாது. வருஷா வருஷம் கோயிலில் ஊருக்கே சோறு போடும் அசனப் பண்டிகைப் பந்தியில், சோறு விழுந்து குழம்பு வருவதற்குள் வெளியூர் விருந்தாளி யாராவது வாயைத் திறந்து இதைக் கேட்டுவிடுவார். உடனே பந்தி முழுவதும் ஒரே குரலில், "நாங்கதான் போட்டோம். கூலிக்கு ஆள் வைக்கலை. நாங்களே உக்காந்து போட்டோம்" என்று சொல்லும். விருந்தாளி அதை ஒரு பேச்சுக்குச் சொன்னதாக எடுத்துக்கொள்வார். அந்த ஊரில் எதையும் பேச்சுக்குச் சொல்லும் வழக்கம் கிடையாது.

ஊர்ப் பெயரிலேயே அறிவு இருக்கிறது, அதற்கு மேல் எதற்கு என்று அங்கே முன்னோர்கள் விட்டுவிட்டார்கள். மற்றபடி நல்ல ஜனங்கள். சொன்ன சொல்லைத் தட்டமாட்டார்கள். அதுதான் தொல்லை.

அங்கே இருப்பது வெள்ளைக்கார மிஷனரி காலத்து வேதக்கோயில். சுவர் கருங்கல், உத்தரம் பர்மாத் தேக்கு, மணி கப்பலில் வந்தது. தரை மட்டும் உள்ளூர்ச் சுண்ணாம்பு. அது பெயர்ந்து பெயர்ந்து, கடைசியில் தரையைவிடக் குழி அதிகம் என்றாகிவிட்டது. நாற்காலி, பெஞ்சு எதுவும் கிடையாது. ஆண்கள் இடப்பக்கம், பெண்கள் வலப்பக்கம், எல்லோரும் தரையில்தான். இன்ன குடும்பத்துக்கு இன்ன இடம் என்று பாட்டன் காலத்திலிருந்து பாத்தியதை உண்டு. சபை மூப்பர் மாசிலாமணிக்கு மூன்றாவது ஜன்னலுக்கு நேரே. யோபுவுக்குத் தூண் ஓரம், பிரசங்கத்தின்போது சாய்ந்து தூங்க வசதியாக. கோயில்குட்டி எப்ராயீமுக்குப் பின்வாசலில், மணிக்கயிற்றுக்குப் பக்கத்தில் நிற்கிற இடம்.

கோயில்குட்டி என்றால் மணி அடிப்பவர், பெருக்குபவர், விளக்கேற்றுபவர் எல்லாம் அவரே. எப்ராயீமுக்கு மணி அடிப்பதுதான் உயிர். ஊர்ப் பெண்கள் எத்தனையோ பேர் கல்யாணக் கோலத்தில் உள்ளே வந்தபோது அவர் கயிற்றை இழுத்திருக்கிறார். ஒவ்வொரு தடவையும், "நம்ம லேயாளுக்கு அடிக்கிற அன்னைக்கு இந்த மணி உடைஞ்சாலும் சரிதான்" என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வார். லேயாள் அவருடைய ஒரே மகள்.

அந்த லேயாளுக்குச் சாத்தன்விளையில் மாப்பிள்ளை அமைந்தது. மாப்பிள்ளைக்குத் தகப்பனார் ஜெயசிங் கோயிலைப் பார்க்க வந்தார். பர்மாத் தேக்கு என்று கேள்விப்பட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தவர், மாசிலாமணியின் இடத்திலிருந்த குழியில் காலை விட்டு, ஊரே பார்க்க உட்கார்ந்தார். எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு சொன்னார்.

"எப்ராயீம், பொண்ணைப் பத்தி எனக்கு ஒரு குறையும் கிடையாது. ஆனா கல்யாணத்தன்னைக்கு இந்தக் கோயில்ல ஒரு குழி என் கண்ணுல படக்கூடாது. பட்டுதுன்னா தாலிகட்டு எங்க ஊர்க் கோயில்லதான்."

எப்ராயீம் மணிக்கயிற்றைப் பார்த்தார். சாத்தன்விளைக் கோயிலில் மணி அடிக்க அங்கே வேறு ஆள் இருக்கிறான். தன் மகளுக்கு எவனோ மணி அடிக்க, தான் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதா? இரண்டு நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

தேவகடாட்சம் ஐயரிடம் போய் அழுதார். அந்தப் பக்கத்தில் பாதிரியாரை ஐயர் என்றுதான் சொல்வார்கள். ஐயர் நல்ல மனுஷர். அந்த ஊருக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது, அதனால் நம்பிக்கையும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அறிவித்தார்: சிமெண்டுக்கு ஏற்பாடு செய்தாயிற்று, வேலை சொல்லித்தர டவுனிலிருந்து சுடலைமுத்துக் கொத்தனார் வருவார், பாடு மட்டும் சபையார் பட வேண்டும். சபையார் ஆமென் என்றார்கள்.

முதல் நாள் கொத்தனார் ஆற்றுமணலைக் காட்டி, "சல்லடையில ஒண்ணும் நிக்காத அளவுக்குச் சலிச்சு வையுங்க" என்று சொல்லிவிட்டுச் சுவருக்கு வெள்ளையடிக்கச் சாரம் கட்டப் போனார். சலித்தார்கள். கல் நின்றது. மறுபடி சலித்தார்கள். அதே கல் நின்றது. மத்தியானம் வரை அந்தக் கற்களோடு மல்லுக்கட்டினார்கள். கடைசியில் யோபு வீட்டுக்குப் போய் அரிவாளை எடுத்து வந்து சல்லடையின் நடுவில் ஒரு பூசணிக்காய் போகிற அளவுக்கு அறுத்தார். அதன் பிறகு ஒன்றுமே நிற்கவில்லை. வேலை மளமளவென்று முடிந்தது.

மறுநாள் கொத்தனார், மணலை மறுபடி தானே சலித்துக்கொண்டு, "கோயிலுக்குள்ளே ஒண்ணும் இருக்கக்கூடாது, எல்லாத்தையும் வெளியே கொண்டாந்துருங்க. சுத்தமா ஒண்ணும் இல்லைன்னு பாத்துட்டு என்கிட்ட சொல்லுங்க" என்றார். பாய், விளக்கு, பிரசங்க மேடை, காணிக்கைப் பெட்டி எல்லாம் வெளியே வந்தன. சரிபார்க்க எப்ராயீமை உள்ளே அனுப்பினார்கள்.

"என்னவே, உள்ளே ஏதாச்சும் இருக்கா?" என்று மாசிலாமணி வாசலிலிருந்து கேட்டார்.

எப்ராயீம் நேர்மையான மனிதர். "ஒரு ஆள் நிக்கான், மூப்பரே" என்றார்.

"யாரு?"

"நான்தான்."

"அப்பம் வெளியே வாரும்."

வந்தார். "இப்பம் உள்ளே ஒண்ணும் இல்லையே?" என்றார் மாசிலாமணி.

"இப்பம் நான் வெளியே இருக்கேன். உள்ளே போய்ப் பாத்தாத்தானே தெரியும்?"

போனார். மறுபடியும் ஒரு ஆள் நின்றான். யோபு, "ஒருவேளை நம்ம எப்ராயீமுக்குத்தான் அந்தக் கோளாறோ என்னமோ" என்று சந்தேகப்பட்டுத் தானே போய்ப் பார்த்தார். அவருக்கும் ஒரு ஆள் இருந்தான். மாசிலாமணி, சபை மூப்பர் என்ற முறையில், கண்ணை மூடிக்கொண்டு உள்ளே போனார். வெளியே வந்து, "நான் பாத்தவரைக்கும் ஒண்ணும் இல்லை" என்று அறிக்கை கொடுத்தார். மூப்பர் மூப்பர்தான் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

இந்த அழகில் பழைய தரையைக் கொத்தி எடுக்கும் வரைக்கும் வேலை ஒழுங்காகவே நடந்தது, ஏனென்றால் உடைப்பதற்கு யோசனை தேவையில்லை. உடைத்து முடித்த பிறகுதான் மாசிலாமணிக்கு அந்தக் கேள்வி தோன்றியது.

"ஐயரே, புதுத்தரையில என் இடம் எது?"

ஐயர் வேதாகமச் சங்கக் கூட்டத்துக்குப் பஸ் பிடிக்கக் கிளம்பிக்கொண்டிருந்தார். "அதே இடந்தான்" என்றார்.

"அது எப்படித் தெரியும்? முன்னாலன்னா என் குழி எனக்குத் தெரியும். இப்பம் எல்லாம் ஒண்ணுபோல வழுவழுன்னு இருக்குமே! யோபு நகந்து நகந்து என் ஜன்னலுக்கு வந்துட்டாருன்னா?"

"நான் ஏன்வே உம்ம ஜன்னலுக்கு வாரேன்? நீருதான் என் தூணுக்கு வருவீரு!"

சத்தம் வலுத்தது. பெண்கள் பக்கத்திலிருந்தும் ஆள் சேர்ந்தார்கள். எப்ராயீம் கதிகலங்கிப் போனார். மகள் கல்யாணத்தன்றைக்கு, சம்மந்தி பார்க்க, இடத்துக்காக ஊர் அடித்துக்கொண்டால் அதைவிட மானக்கேடு உண்டா? ஐயர் பஸ் ஹாரன் கேட்டுப் பதறி, "அவரவர் இடம் அவரவருக்கே! ஒரு விரக்கடைகூட மாறக்கூடாது. அது உங்க பொறுப்பு" என்று சொல்லிவிட்டு ஓடினார்.

ஊர் கூடி யோசித்தது. கரிக்கோடு போடலாம் என்றார் ஒருவர், கலவை மூடிவிடும். சுவரில் அடையாளம் வைக்கலாம் என்றார் யோபு; சுவருக்கும் வெள்ளையடிக்கப் போகிறார்கள். எல்லோரும் நாடியைத் தடவிக்கொண்டு இருந்தபோது, எப்ராயீமுக்கு வாழ்க்கையிலேயே முதல்முறையாக ஒரு யோசனை வந்தது.

"நாமளே அவங்கவங்க இடத்துல உக்காந்துருவோம். நம்மளைச் சுத்திக் கலவையைப் போடட்டும். அப்புறம் எப்படி மாறும்?"

மாசிலாமணி எழுந்து வந்து எப்ராயீமின் கையைப் பிடித்துக்கொண்டார். "இத்தனை வருஷமா உம்மளை மணி அடிக்கவே வச்சிட்டோமே, வே" என்றார். சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

பெண்கள் மட்டும் இதற்கு இசையவில்லை. எப்ராயீமின் மனைவி அன்னபாக்கியம் இடுப்பில் கைவைத்துக்கொண்டு சொன்னாள்: "ஆம்பிளைகளுக்கு உக்காருததுதான் சோலி. எங்களுக்கு வீட்டுல அடுப்பு இருக்கு. எங்க இடத்துக்கு ஆளுக்கொரு அம்மியைக் கொண்டாந்து வையுங்க. அதுவும் ஆள் கனம் இருக்கும்." பேச்சில் நியாயம் இருந்தது. வீட்டுக்கு வீடு அம்மி வந்து வலப்பக்கம் வரிசையாக உட்கார்ந்தது.

கலவை போடுகிற அன்று கொத்தனாரின் மாமனார் ஊரில் அம்மன் கோயில் கொடை விழா. காலையிலேயே வந்து மட்டத்துக்கு நூல் கட்டிவிட்டு, "நான் சாயங்காலம் வந்துருவேன். நூல் மட்டத்துக்குக் கலவையை நிரப்பி, மட்டப்பலகையால இழுத்து விட்டாப் போதும். ஒண்ணே ஒண்ணு. போட்டது போட்டபடி இருக்கணும். நான் வாரவரைக்கும் எவனும் ஈரத்தரையில காலை வைக்கக்கூடாது" என்று அடித்துச் சொல்லிவிட்டுப் போனார்.

ஆண்கள் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, பாட்டுப் புத்தகத்தோடு வந்து அவரவர் இடத்தில் சம்மணம் போட்டார்கள். எப்ராயீம் மணிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். இன்னும் தனக்கென்று இடம் இல்லாத இளவட்டங்கள் கலவையைச் சுமந்து வந்து கொட்டி, ஒவ்வொருவரையும் சுற்றி நாலு விரக்கடை உயரத்துக்கு நிரப்பி, அழகாக மட்டம் இழுத்து, பின்வாசல் வழியாக வெளியேறினார்கள். கடைசியாக எப்ராயீமின் கணுக்கால்வரை மூடியது. குளிர்ச்சியாகத்தான் இருந்தது.

மத்தியானம் ஆனதும் மாசிலாமணி நெளிந்தார். "நான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுட்டு வாரேன்."

"எந்திரிச்சா காலை எங்க வைப்பீரு?" என்றார் யோபு.

"தரையிலதான்."

"கொத்தனார் என்ன சொன்னாரு?"

மாசிலாமணி யோசித்தார். "காலை வைக்கக்கூடாதுன்னு சொன்னாரு."

"அப்பம் உக்காரும்."

பெண்கள் ஜன்னல் வழியாகத் தொரட்டிக் கம்பில் தூக்குவாளியை மாட்டி நீட்டினார்கள். கஞ்சி குடித்துவிட்டு நன்றிப் பாட்டு ஒன்று பாடினார்கள். யோபு தூணில் சாய்ந்து தூங்கினார். கலவையும் அதன்பாட்டில் இறுகிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் கொத்தனார் வந்து எட்டிப் பார்த்தார். வெளியே போய், வந்தது சரியான ஊர்தானா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டு மறுபடியும் உள்ளே பார்த்தார்.

"அட பாவிகளா! என்னவே செஞ்சு வச்சிருக்கீங்க?"

"நீங்க சொன்னதைத்தான், கொத்தனாரே. எவனும் காலை வைக்கலை" என்றார் எப்ராயீம் பெருமையாக.

உளியும் சுத்தியலும் கொண்டு ஒவ்வொருவராகப் பெயர்த்து எடுத்தார்கள். ஆட்கள் வந்தார்கள், வேட்டிகள் வரவில்லை. கத்தரிக்கோல் போட்டு வெட்டித்தான் எடுக்க முடிந்தது. மாசிலாமணியின் சரிகைக் கரை இன்றைக்கும் மூன்றாவது ஜன்னலுக்கு நேரே சிமெண்டில் பதிந்து கிடக்கிறது. அந்த இடம் அவருடையது என்பதற்கு அதைவிடப் பட்டா வேண்டாம். அம்மிகளில் ஒன்றுகூட அசையவில்லை.

"போனது போகட்டும். மிச்சக் கலவையைப் போட்டு இந்தக் குழிகளை அடைச்சுத் தாரேன்" என்றார் கொத்தனார், பெருந்தன்மையாக.

மாசிலாமணிக்குக் கோபம் வந்துவிட்டது. "அடைக்கதுக்கா பகல் பூரா உக்காந்தோம்?"

கொத்தனார் கரணையைத் துடைத்துச் சாக்கில் போட்டுக்கொண்டு, காப்பிகூடக் குடிக்காமல் டவுனுக்கு நடையைக் கட்டினார்.

குழிகள் என்ற அந்தச் சொல் அப்போதுதான் எப்ராயீமின் காதில் உறைத்தது. சம்மந்தி கேட்டது குழியில்லாத தரை. முன்னால் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்த குழி, இப்போது ஆளுக்கொன்றாக, ஆள் அளவுக்கு, அவருடைய யோசனையாலேயே வந்து நிற்கிறது. வீங்கிய காலை நீட்டிக்கொண்டு மணிக்கயிற்றின் அடியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். லேயாள் வந்து, "அப்பா, எந்த ஊர்ல நடந்தா என்ன, கல்யாணம் நடந்தாச் சரிதான்" என்றாள். அதைக் கேட்டு இன்னும் அழுதார்.

ஊர் திரும்பிய ஐயர் தரையைப் பார்த்துவிட்டு மேடைப்படியில் உட்கார்ந்தார். பிறகு, "இனி என்ன செய்யப் போறோம்?" என்று கேட்டார்.

யோபு தொண்டையைச் செருமினார். "ஐயரே, ஒரு சந்தேகம். குழியில ஆள் இருந்தா அது குழியா?"

எல்லோரும் நிமிர்ந்தார்கள். ஆள் இருந்தால் அது இடம். ஆள் எழுந்தால்தான் குழி. அப்படியானால் எழாமல் இருந்தால் ஆயிற்று!

கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டார் வருவதற்கு முன்பே ஆண்கள் அவரவர் குழியில் அச்சாகப் பொருந்தி உட்கார்ந்துவிட்டார்கள். பெண்கள் அம்மிமேல் அமர்ந்து சேலையை விரித்துக்கொண்டார்கள். விருந்துக்கு மசாலா அரைக்க வேறு அம்மி ஊரில் இல்லாததால் முந்தின நாள் அங்கேயே அரைத்திருந்தார்கள். கோயில் முழுக்க மல்லி வாசனை கமகமத்தது. ஜெயசிங் உள்ளே வந்தார். முன்னே பார்த்தார், பின்னே பார்த்தார். எங்கும் வழுவழுவென்று தரை, நடுநடுவே ஜனங்கள்.

"பரவாயில்லையே, எப்ராயீம்!" என்றார்.

எப்ராயீம் தன் காற்குழிகளில் நின்றபடி கும்பிட்டார். அப்போதுதான் வாசலில் லேயாள் வந்து நின்றாள். அவளோடு வந்த அன்னபாக்கியம் எப்ராயீமின் காதோரம் சீறினாள்.

"பிள்ளையைக் கூட்டிட்டுப் போகாம இங்கேயே நிக்கீங்களே!"

"நான் காலை எடுத்தா குழி தெரியுமே. மணியும் அடிக்கணுமே."

"தகப்பன் கையைப் பிடிக்காம எந்தப் பிள்ளை உள்ளே போகும்?"

எப்ராயீமுக்கு நெஞ்சு இரண்டாகப் பிளந்தது. ஒரு பக்கம் மகள், ஒரு பக்கம் மணி, காலடியில் குழி. இந்த மூன்றையும் பார்த்துவிட்டு, வாழ்க்கையில் இரண்டாவது முறையாக அவருக்கு ஒரு யோசனை வந்தது.

"சம்மந்தி, எங்க கோயில்ல மாப்பிள்ளைக்குத் தகப்பனாருன்னு ஒரு தனி இடம் உண்டு. இங்கன வாங்க. அந்த மணியைப் பாத்தீங்களா? கப்பல்ல வந்தது!"

ஜெயசிங் அண்ணாந்தார். எப்ராயீம் சட்டென்று காலை உருவிக்கொண்டு, சம்மந்தியின் கால்களை அதே இடத்தில் வைத்து அழுத்தினார். அவர் பாதம் கொஞ்சம் பெரியது. போகும்போது ஒரு சத்தத்தோடு போயிற்று. இதற்குள் இளவட்டம் ஒருவன் கிணற்றுக்கயிற்றை அவிழ்த்து வந்து மணிக்கயிற்றோடு முடிந்துவிட்டான். எப்ராயீம் வலக்கையில் மகளையும் இடக்கையில் கயிற்றையும் பிடித்துக்கொண்டு நடந்தார். ஓரடி வைத்து ஒரு இழுப்பு, ஓரடி வைத்து ஒரு இழுப்பு. ஒவ்வொரு அடிக்கும் மணி முழங்கியது. ஈரக்கயிறு சபையார் தலைமேல் சொட்டிக்கொண்டே போயிற்று, ஒருவரும் அசையவில்லை. அவர் கண்ணீரும் சொட்டியது, அதை அவர் துடைக்கவும் இல்லை. இரண்டு கையும் நிறைந்திருந்தன.

ஐயர் பழக்கதோஷத்தில், "சபையார் எழுந்து நிற்கவும்" என்றுவிட்டார். யோபு பலமாக இருமினார். ஐயர் நாக்கைக் கடித்துக்கொண்டு, "உட்கார்ந்தபடியே எழுந்து நிற்கவும்" என்றார். எல்லோரும் அப்படியே செய்தார்கள்.

தாலி கட்டியாயிற்று. பெண்ணும் மாப்பிள்ளையும் வெளியே போனார்கள். ஆனால் சபை எழவில்லை. சம்மந்தி போனால்தான் அவர்கள் எழ முடியும். சம்மந்தியும் போகவில்லை. அவரால் காலை எடுக்க முடியவில்லை. மாப்பிள்ளையின் தகப்பனார் அதை வாய்விட்டுச் சொல்வது கௌரவமில்லை. "எல்லாரும் போகட்டும்" என்றார் சிரித்துக்கொண்டே. "நீங்க முதல்ல" என்றார் மாசிலாமணி உட்கார்ந்தபடி. பொழுது போய்க்கொண்டே இருந்தது. கறிக்குழம்பு ஆறுகிறது என்று பெண்கள் இலையைக் கொண்டுவந்து கோயிலுக்குள்ளேயே பந்தி போட்டார்கள். ஜெயசிங் மட்டும் இலையைக் கையில் ஏந்தி நின்றபடி சாப்பிட்டார்.

கை கழுவும் நேரம் வந்தபோதுதான் அவர் தாழ்ந்த குரலில் விஷயத்தைச் சொன்னார். அன்னபாக்கியம் ஒரு கிண்ணம் நல்லெண்ணெயைக் கணுக்காலைச் சுற்றி ஊற்றினாள். எப்ராயீம் இடுப்பைப் பிடித்து இழுத்தார். கால் வந்தது. ஜெயசிங் குனிந்து பார்த்தார்.

"எப்ராயீம், இது குழி!"

பதறிப்போய் ஊரே எழுந்துவிட்டது. அவ்வளவுதான், எல்லாக் குழிகளும் கண்ணுக்குப் பட்டன. எப்ராயீம் கையைக் கூப்பினார். "சம்மந்தி, அது குழி இல்லை. அது என் இடம். இதெல்லாம் அவங்கவங்க இடம். இனிமே யாரும் யார் இடத்துக்கும் வரமாட்டாங்க."

ஜெயசிங் ஒவ்வொரு குழியாகப் போய் நின்று பார்த்தார். மாசிலாமணியின் சரிகைக் கரையைத் தடவிப் பார்த்தார். திரும்பி வந்து எப்ராயீமின் தோளில் கைபோட்டார்.

"எங்க ஊர்க் கோயில்லயும் இடத்துக்காக வாராவாரம் வெட்டுக்குத்து. எங்களுக்கு இது தோணலையே! சம்மந்தி, உங்க ஆட்களை எங்க ஊருக்கு அனுப்ப முடியுமா?"

"எதுக்கு?"

"உக்காரத்தான். எங்க ஆட்களுக்கு வயல்ல வேலை கிடக்கு."

சம்மந்தி வாய் திறந்து கேட்ட பிறகு மறுக்க முடியுமா? அறிவானந்தபுரத்து ஆண்கள் மொத்தமாகச் சாத்தன்விளைக்குப் போய், வரிசையாக உட்கார்ந்து, நல்லபடியாகத் தரை போட்டுக் கொடுத்துவிட்டு, வேறு வேட்டி கட்டிக்கொண்டு திரும்பினார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது, அந்தக் குழிகளில் சாத்தன்விளைக்காரர்கள் ஒருவருக்கும் உட்காரத் தோதுப்படவில்லை என்பது.

அதனால் வேறு வழியில்லாமல் வாராவாரம் இவர்கள் அங்கே போகிறார்கள். இங்கே குழி வெறுமனே தெரியக்கூடாதே என்று அவர்கள் இங்கே வந்து, பொருந்தினமட்டும் குந்திக்கொள்கிறார்கள். வாய்க்கால் பாலத்தில் இரண்டு சபையும் எதிர்ப்பட்டு ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டு போகும். அங்கே மணி அடிப்பது எப்ராயீம். இங்கே ஜெயசிங்; அவர் கால்தான் அந்தக் குழிக்குப் பழகியது. ஆராதனை முடிந்ததும் அன்னபாக்கியம் எண்ணெய்க் கிண்ணத்தோடு போவாள்.